அங்கமுத்து உட்கார்ந்த படம்

ஜெயங்கொண்டத்தில் செல்லப்பன் என்று ஒருவர் இருந்தார். செத்தவர்களுக்குக் கண் திறந்து வைப்பது அவருடைய தொழில்.

கேட்பதற்கு என்னவோ போல இருக்கும். அந்தக் காலத்தில் நம் பக்கத்துக் கிராமங்களில் பாதிப் பேருக்கு உயிரோடு இருக்கும்போது ஒரு போட்டோகூடக் கிடையாது. இழவு விழுந்த பிறகுதான் ஸ்டூடியோவுக்கு ஆள் ஓடி வரும். கேமராக்காரர் சைக்கிளில் போவார். குளிப்பாட்டிப் புதுத்துணி உடுத்தி, யார் வீட்டிலாவது நாற்காலி இரவல் வாங்கி, அதில் சாய்த்து வைத்திருப்பார்கள். தலை தொங்காமல் பின்னால் ஒருவர் மறைந்து பிடித்துக்கொள்வார். அப்படி எடுத்து வந்த படத்தில் கண் மூடித்தானே இருக்கும்? மூடின கண்ணோடு சட்டம் போட்டு மாட்ட யாருக்கும் மனசு வராது. அதற்குத்தான் செல்லப்பன். ஸ்டூடியோவின் பின்கட்டில் ஜன்னலோரம் உட்கார்ந்து, முடி போன்ற பிரஷ்ஷால் டச்சிங் செய்து, மூடின கண்ணைத் திறந்து கொடுப்பார்.

அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. படத்தைக் கையில் வாங்கியதும், "யாரு கண்ணு இவருக்கு?" என்றுதான் முதலில் கேட்பார். அப்பா கண் என்றால் அப்பாவையும், தங்கச்சி கண் என்றால் தங்கச்சியையும் வரச் சொல்லுவார். வந்தவரை ஜன்னல் வெளிச்சத்தில் உட்கார வைத்து, அந்த உயிருள்ள கண்ணைப் பார்த்துச் செத்தவருக்கு வைப்பார். வைப்பதற்கு முன்னால் நெற்றியில் கொஞ்சம் திருநீறு இட்டுக்கொள்வார். வேலை முடிந்து படத்தைக் கொடுக்கும்போது, "இப்ப உங்களப் பாக்குறாரு, எடுத்துகிட்டுப் போங்க" என்பார். வாங்கிக்கொண்டவர்கள் அங்கேயே உடைந்து அழுவார்கள். அழட்டும் என்று அவர் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

இப்படி இருந்த மனிதருக்குப் பேய்ப் படத்தின் மேல் பிரியம் வந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை போட்டோ பேப்பர் வாங்க அரியலூர் போயிருந்தார். கடை திறக்கவில்லை. வெயிலுக்கு ஒதுங்க ஒரு கொட்டகையில் காலைக் காட்சிக்குப் போய் உட்கார்ந்தார். ஏதோ வெள்ளைக்காரன் படம், கறுப்பு வெள்ளை. பேசுவது ஒரு எழுத்தும் புரியவில்லை. கொஞ்ச நேரத்தில் செத்தவர்கள் எழுந்து நடக்கத் தொடங்கினார்கள். முன் வரிசையில் விசில், பின்னால் யாரோ பெண்பிள்ளையின் அலறல். செல்லப்பனுக்கு மட்டும் பயம் வரவில்லை. திரையில் அந்தக் கூட்டம் கையை முன்னால் நீட்டிக்கொண்டு, வாயைத் திறந்துகொண்டு, அவசரமே இல்லாமல் வயலைக் கடந்து வந்தது. யாரும் பிரஷ் வைத்துத் திறக்காத கண்கள், தானாகவே திறந்திருந்தன. அவருடைய கைகள் அவரை அறியாமல் கூப்பிக்கொண்டன.

பக்கத்தில் இருந்தவர் பார்த்துவிட்டு, "என்னண்ணே, சாமி படத்துக்கு வந்துட்டோம்னு நெனச்சீங்களா?" என்று கேட்டுச் சிரித்தார்.

அன்று வீட்டுக்கு வந்து மனைவி அம்சவள்ளியிடம் சொன்னார். "பாவம் அம்சு. அதுங்க யாரையும் கெடுக்க வரல. வூட்டுக்கு வழி தெரியாம நடக்குதுங்க."

"பேய்க்கு வழி தெரியலன்னு நீங்க கவலப்படுங்க. அரிசி எங்கன்னு கேட்டா உங்களுக்கே வழி தெரியாது" என்றாள் அவள்.

அதற்குப் பிறகு பெரம்பலூரானாலும் திருச்சியானாலும், செத்தவர் எழுந்து வரும் படம் காலைக் காட்சியில் ஓடுகிறது என்று காதில் விழுந்தால் போதும், பஸ் ஏறிவிடுவார். அந்தப் படங்களுக்குத் தன் கையால் ஒரு மரியாதை செய்ய வேண்டும் என்று அவர் மனசில் ஏறிவிட்டது. சாமிக்கு மாலை கட்டிப் போடுகிற மாதிரிதான். காடாத்துணி வாங்கி நான்கு வேட்டி அகலத்துக்குத் தைக்கச் சொன்னார். கலர் பவுடரை வஜ்ஜிரப் பசையில் குழைத்தார். ஸ்டூடியோ வேலை போக மிச்ச நேரமெல்லாம் அந்தத் துணியோடுதான். பிறத்தியாருக்காக வரைந்தே வயசான மனிதர் தனக்காக வரைந்த படம் அது ஒன்றுதான்.

வெள்ளைக்காரன் ஊர் வயல் அவருக்கு வரையத் தெரியவில்லை. செம்மண்ணும் முந்திரிக்காடும் போட்டார். காட்டுக்குள்ளிருந்து செத்தவர்கள் கை நீட்டி வருகிறார்கள். நடுவில், எல்லாருக்கும் முன்னால், ஒரு வாலிபன். முகங்களைப் போடும்போது அவர் யாரையும் நினைக்கவில்லை. கை தானாகப் போட்டது.

அம்சவள்ளி ஒருநாள் நின்று பார்த்தாள். "இந்தப் பையனை எங்கியோ பாத்த மாதிரி இருக்கே."

"எல்லா மனுஷனும் யாரையாச்சும் போலத்தான் இருப்பான்" என்று சொல்லிவிட்டுப் பிரஷ்ஷைக் கழுவினார் செல்லப்பன்.

அவர் அத்தனை வருஷமாகப் பார்த்த செத்த முகங்கள் எவை? ஸ்டூடியோவுக்கு வந்த முகங்கள்தானே. கைக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அது அவர் புத்திக்கு எட்டவில்லை.

கங்கைகொண்ட சோழபுரம் போகிற சாலையில் அரங்கநாதன் என்பவர் டெண்ட் கொட்டகை நடத்தி வந்தார். வரவேண்டிய தமிழ்ப் படப் பெட்டி வராமல், பதிலுக்குச் செத்தவர் எழுந்து வரும் இங்கிலீஷ் படம் ஒன்று வந்து சேர்ந்தது. தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தவரிடம் யாரோ செல்லப்பனின் துணியைப் பற்றிச் சொல்ல, நேரில் வந்து பார்த்தார்.

"யோவ் செல்லப்பா, எனக்கே அடிவயிறு கலங்குதுய்யா. குடு, சனிக்கிழமை வரைக்கும் ரோட்டுல கட்டி வைக்கிறேன். ஊரே வரும்."

செல்லப்பனுக்குப் பெருமையாக இருந்தது. அந்தப் படத்துக்கு வரைந்தது அந்தப் படத்தின் வாசலிலேயே நிற்கப் போகிறது. மூங்கில் தட்டியில் துணியை இழுத்துக் கட்டி, பஸ் நிற்கிற இடத்துக்கு எதிரில் நிறுத்தினார்கள்.

மறுநாளே செங்கமலம் வந்துவிட்டார்.

சோழபுரத்துக்கு அந்தப் பக்கம் ஒரு தெருவில் இருக்கிற அம்மா. புருஷன் போய்ப் பல வருஷம் ஆயிற்று. ஒரே மகன் அங்கமுத்து, கல்யாணம் ஆகாதவன், போன வருஷம் முந்திரிக்கொட்டை பொறுக்கும்போது பாம்பு தீண்டிக் காட்டுக்குள்ளேயே இறந்துபோனான். அவனுடைய படத்துக்குக் கண் திறந்தவர் செல்லப்பன். யாருடைய கண் என்று கேட்டபோது, "என் கண்ணுதான் தம்பி" என்று ஜன்னலோரம் வந்து உட்கார்ந்தது இந்தம்மாதான்.

ஸ்டூடியோ வாசலில் நின்றுகொண்டு உள்ளே வராமல் கேட்டார். "தம்பி, என் புள்ளய ஏன் நடக்க வுட்ட?"

செல்லப்பனுக்குச் சட்டென்று விளங்கவில்லை. "என்னம்மா சொல்றீங்க?"

"ரோட்டுல கட்டி வச்சிருக்கியே, அதுல முன்னால வர்றவன் அங்கமுத்து. அது என் கண்ணு. என் கண்ணு எனக்குத் தெரியாதா? என் கண்ண வச்சுகிட்டு என் புள்ள பேயா நடக்கறான்."

செல்லப்பன் மனசுக்குள் துணியை விரித்துப் பார்த்தார். வாலிபன். புருவத்தின் வளைவு. இடது கண்ணில் கொஞ்சம் சரிந்த இமை. எதிரில் நிற்கிற அம்மாவின் இடது இமையும் அப்படித்தான் சரிந்திருந்தது.

"தெரியாம வந்துடுச்சும்மா" என்றார். பிறகு, சொல்லியிருக்கக் கூடாததையும் சொன்னார். "அது சும்மா படந்தானேம்மா."

"போட்டாவும் படந்தானே? அதைக் குடுக்கறப்ப, உங்களப் பாக்குறான், எடுத்துகிட்டுப் போங்கன்னு சொன்னியே. அது நெசம், இது மட்டும் சும்மாவா?"

செல்லப்பன் தலையைக் குனிந்துகொண்டார்.

அந்தம்மா அதற்குமேல் கோபப்படவில்லை. படியில் உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னார். அங்கமுத்து செத்த நாளிலிருந்தே தெருவில் ஒரு பேச்சு இருக்கிறது. அகால மரணம், கல்யாணம் ஆகாதவன், முந்திரிக்காட்டில் உச்சி வெயிலில் நடக்கிறான் என்று. பெண்பிள்ளைகள் கொட்டை பொறுக்கப் போகப் பயந்தார்கள். "என் புள்ள எங்கயும் நடக்கல, வூட்டுல படத்துல உக்காந்திருக்கான், வந்து பாருங்கடி" என்று இந்தம்மா ஒவ்வொரு வாசலாகப் போய் மன்றாடி அந்தப் பேச்சை ஒருவாறு அமுக்கி வைத்திருந்தார். நேற்று தெருக்காரர்கள் பஸ்ஸிலிருந்து தட்டியைப் பார்த்துவிட்டார்கள். கண் திறந்தவனே காட்டில் நடக்கிற மாதிரி எழுதிவிட்டான், இனி என்ன சாட்சி வேண்டும் என்று ஆகிவிட்டது. வெள்ளிக்கிழமை பேயோட்டுகிற கோடாங்கியைக் கூட்டி வந்து அங்கமுத்துவைப் பிடித்துப் புளியமரத்தில் ஆணி அடித்துக் கட்டுவது என்று பேசி முடித்துவிட்டார்கள்.

"ஆணி அடிச்சுட்டா அவன் எந்தக் காலத்துக்கும் அந்த மரத்துலயே கெடக்கணும் தம்பி. மாட்டுப் பொங்கலுக்குப் படைச்சா வந்து திங்க முடியாது. நான் போறப்ப என் கூட வர முடியாது. நான் பெத்த புள்ளைக்கு ஆணியா?"

நாளை மறுநாள் வெள்ளி.

செல்லப்பன் கலர் டப்பாக்களையும் வஜ்ஜிரச் சட்டியையும் பையில் எடுத்துப் போட்டார். "வாங்கம்மா, போயி அழிச்சுடறேன்" என்றார். அந்த வாலிபன் இல்லாவிட்டால் அந்தத் துணியில் ஒன்றுமே இல்லை.

தட்டிக்குக் கீழே ஏணியைப் போட்டு, ஈரத்துணியோடு ஏறினார். கையை உயர்த்தும்போது கீழேயிருந்து செங்கமலத்தின் சத்தம் வந்தது.

"மூஞ்சில ஈரத்துணி வைக்காத தம்பி! ஒருதரம் பாத்தது போதும். அதுக்கு மேல ஒருதரம் அவன் மூஞ்சி மறையறத என்னால பாக்க முடியாது."

"அழிக்கவும் வேணாம், நடக்கவும் வேணாம்னா நான் என்னம்மா செய்யட்டும்?"

"உக்கார வச்சுரு."

செல்லப்பன் ஏணியில் நின்றபடியே யோசித்தார். "சரி. நாற்காலி போடட்டுமா?"

"நாற்காலி வேணாம்ப்பா. செத்த அன்னைக்குத்தான் அவன் நாற்காலில உக்காந்தான். அதுவும் இரவல். தரையில உக்கார வையி, கஞ்சி குடிக்கறாப்ல."

கூட்டம் சேர்ந்துவிட்டது. டவுன் பஸ்ஸுக்கு நின்றவர்கள், டீக்கடையில் இருந்தவர்கள், எல்லாரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார்கள். அரங்கநாதன் கொட்டகையிலிருந்து வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார்.

"என்னய்யா பண்ற? சனிக்கிழமை படம்! பேயை உக்கார வச்சா எவன்யா பயப்படுவான்?"

"பயப்படாட்டி போகட்டுங்க."

"ஏன்யா, நீதானே ராவும் பகலும் பேய், பேய்னு கெடந்த?"

கூட்டத்தில் டீக்கடை லீலாவதி இருந்தார். தட்டியை உற்றுப் பார்த்தவர் திடீரென்று, "அய்யய்யோ, அந்த மூணாவது ஆளு எங்க வூட்டுக்காரருல்ல!" என்று கூவினார்.

செல்லப்பன் திரும்பிப் பார்த்துப் பதறினார். "தப்புதாங்க. அவரையும் உக்கார வச்சுடறேன்."

"ஒண்ணும் வேணாம். உசுரோட இருந்தப்ப கல்லாவ வுட்டு நவுந்து ஒரு கொடம் தண்ணி எடுத்தாந்ததில்ல. இப்பவாச்சும் நடக்கட்டும்."

சிரிப்பு எழுந்தது. செங்கமலம் சிரிக்கவில்லை. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு மேலேயே பார்த்திருந்தார். சிரித்தவர்களும் அதைப் பார்த்து அடங்கிப்போனார்கள்.

செல்லப்பனுக்கு இருந்த சங்கடம் வேறு. முகத்தைத் தொடக் கூடாது. முகம் இருப்பதோ நிற்கிற ஆளின் உயரத்தில். தரையில் உட்கார்ந்தவனுக்கு முகம் அவ்வளவு மேலே இருக்காது. முகம் கீழே வர முடியாதென்றால், தரைதான் மேலே போக வேண்டும்.

நெற்றியைத் துடைத்துக்கொண்டு, பையில் இருந்த பொட்டலத்திலிருந்து திருநீறு எடுத்து இட்டுக்கொண்டார். இடுப்புக்குக் கீழே ஈரத்துணியால் ஒற்றி ஒற்றி, நடக்கிற கால்களைக் கரைத்தார். கரைந்த கலர் அவர் முழங்கை வழியாகச் சிவப்பாக வழிந்தது. துணி கொஞ்சம் காய்ந்ததும் செம்மண் நிறத்தைக் குழைத்து, கீழேயிருந்து மண்ணை ஏற்றிக்கொண்டே வந்தார். வரப்பு மேடு போல மண் உயர்ந்து உயர்ந்து அங்கமுத்துவின் இடுப்பு வரை வந்து நின்றது. அந்த மேட்டின் மேல் சம்மணம் போட்ட இரண்டு முட்டிகளை வைத்தார்.

கைகள் மிச்சம் இருந்தன. படத்தில் வருகிற செத்தவர்களைப் போலவே முன்னால் நீட்டிய கைகள். அவற்றை வரைந்த நாளில் செல்லப்பன் அம்சவள்ளியைக் கூப்பிட்டுக் காட்டியிருந்தார். இப்போது அந்தக் கைகளை வெகுநேரம் பார்த்தார். பார்க்கப் பார்க்க, அவை எதையோ வாங்குவதற்கு நீட்டிய கைகளாகத் தெரிந்தன. அவற்றை அழிக்கவில்லை. இரண்டு கைக்கும் நடுவில் ஒரு மண் கலயத்தை வைத்தார்.

அவ்வளவுதான். பேயாகத் திறந்திருந்த வாய் கஞ்சிக்குத் திறந்த வாயாகிவிட்டது.

கீழே அரங்கநாதன் மெதுவாக, "போச்சுய்யா என் சனிக்கிழமை" என்றார். பிறகு அவரும் தட்டியைப் பார்த்துக்கொண்டே நின்றார். மற்றவர்கள் எல்லாரும் இருபுறமும் நடந்துகொண்டிருக்க, நடுவில் ஒருவன் மட்டும் மேட்டில் உட்கார்ந்து கலயத்தை வாங்கிக்கொண்டிருந்தான். செல்லப்பன் நினைத்து வரைந்த படம் அது இல்லை. அது போய்விட்டது. போனது போனதுதான் என்பது அவருக்கும் தெரியும்.

செங்கமலம் அடுத்த பஸ்ஸிலேயே ஊருக்குப் போனார். மறுநாள் வெயில் ஏறும் நேரத்தில் தெருக்காரர்களைக் கூட்டிக்கொண்டு வந்து இறங்கினார். முன்னால் வந்தவர் கண்ணையன். தெருவில் நல்லது கெட்டது எல்லாம் அவர் வாயால்தான் முடிவாகும். கோடாங்கிக்குச் சொல்லி அனுப்பியதும் அவர்தான். செல்லப்பனுக்குத் தகவல் வந்து அவரும் ஓடி வந்தார். தூரமாக நின்றார்.

கண்ணையன் துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, தட்டியை மேலிருந்து கீழாகப் பார்த்தார். கிட்டே போய்ப் பார்த்தார். கூட வந்தவர்களில் ஒரு பெண், "முந்தாநேத்து நடந்தான். என் கண்ணால பாத்தேன்" என்றாள்.

"முந்தாநேத்து நடந்தான், ஆமா. இன்னைக்கு உக்காந்துட்டான்" என்றார் செங்கமலம். குரலில் பிசிறில்லை.

"ஆள வச்சு மாத்தி எழுதிருக்கு, மாமா" என்றான் ஒருவன்.

கண்ணையன் திரும்பிச் செல்லப்பனைப் பார்த்தார். "நீதானேய்யா கண்ணு தொறக்கறவன்? நெசத்தைச் சொல்லு. அவன் நடக்கறானா, உக்காந்திருக்கானா?"

சாமி மேல் பயம் உள்ள மனிதர் செல்லப்பன். கண்ணால் காணாததைக் கண்டதாகச் சொல்ல மாட்டார். தட்டியைப் பார்த்தபடியே சொன்னார்.

"அவன் நடக்கறதை நான் பாத்ததில்லீங்க. என் கையிதான் அவன நடக்க வச்சுது. அது என் தப்பு. அவன நான் பாத்ததெல்லாம் ஒரே தடவைதான், போட்டாவுல. உக்காந்துதான் இருந்தான்."

கண்ணையன் மறுபடி தட்டியைப் பார்த்தார். அங்கமுத்துவை அவர் சின்ன வயசிலிருந்து அறிந்தவர். ஒரே வயலில் நடவு நட்டு, ஒரே வரப்பில் உட்கார்ந்து சாப்பிட்டவர்கள். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"கஞ்சி குடிக்கறவனை எப்படிய்யா ஆணி அடிக்கறது?" என்றார். தெருக்காரர்களைப் பார்த்து, "கோடாங்கிய வர வேணாம்னு சொல்லிரு. வாங்க, பஸ்ஸு வந்துரும்" என்றார்.

முணுமுணுப்பு இருந்தது. ஆனாலும் அவர் சொன்ன பிறகு எதிர்த்துச் சொல்ல யாரும் இல்லை. ஒவ்வொருவராகப் பஸ் நிற்கிற பக்கம் போனார்கள். காற்றில் தட்டியின் மேல்முனைக் கட்டு தளர்ந்திருந்ததைப் பார்த்து, செல்லப்பன் ஏணியைச் சாத்தி ஏறி இறுக்கிவிட்டு இறங்கினார்.

செங்கமலம் போகவில்லை. தட்டிக்கு நேரே நின்று, மகனை ஆசை தீரப் பார்த்தார்.

"கொஞ்சம் மெலிஞ்சுட்டான்" என்றார்.

செல்லப்பன் பக்கத்தில் வந்தார். "வெயில்லயே நிக்கிறீங்கம்மா."

"என்ன கஞ்சி தம்பி அது?"

"கம்பங்கஞ்சின்னு நெனச்சுத்தான் போட்டேன்."

அந்தம்மா தலையை ஆட்டினார். ஏதோ கேட்க நினைத்து, கேட்கலாமா என்று தயங்கினார். பஸ் வந்து நின்று, கண்டக்டர் விசில் ஊதினான். கண்ணையன் ஜன்னலிலிருந்து கையைக் காட்டிக் கூப்பிட்டார்.

"வெறுங்கஞ்சி குடிக்க மாட்டான். ஒரு வெங்காயம் வச்சு வுடு தம்பி" என்று சொல்லிவிட்டு, செங்கமலம் பஸ்ஸை நோக்கி நடந்தார்.

செல்லப்பன் பையைப் பிரித்து, ரோஸ் பவுடரில் கொஞ்சம் நீலம் கலந்து குழைத்துக்கொண்டு, மறுபடியும் ஏணியில் ஏறினார்.